திங்கட்கிழமைக் காய்ச்சல்

நுழையும்முன்

தெருமுனைப் பட்டறையில் நீலமும் வெண்மையும் கலந்த ஒளி பளிச்சிடும்போது, "அந்தப் பக்கம் பார்க்காதே, கண் கெட்டுவிடும்" என்று பெரியோர் நம்மை எச்சரிப்பர். அவ்வெச்சரிக்கை சரியானதே. ஆயினும், அவ்வொளியோடு எழும் புகையைப் பற்றி எச்சரிப்போர் குறைவு. கண்ணுக்கு இமை உண்டு. மூச்சுக்கு இமை இல்லை. பற்றவைப்பின்போது எழும் புகையும் வாயுவும் உடலுக்குள் சென்றால் என்ன நேரும்? அறியாமல் சுவாசித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? இப்பாடத்தில் காண்போம்.

ஒரு வீட்டின் நாட்காட்டி

வடநாட்டுத் தொழில் நகரம் ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தந்தை, இரும்புக் கதவுகளும் சன்னல் கம்பிகளும் செய்யும் பட்டறையில் பற்றவைப்பவராகப் பணிபுரிகிறார். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று அவர் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். பகலில் சற்று உறங்குவார். திங்கட்கிழமை காலை வேலைக்குச் செல்வார். மாலையில் வீடு திரும்பியதும் சோர்ந்து அமர்வார். "வாயில் செம்புக் காசை அடக்கி வைத்ததுபோல் ஒரு சுவை" என்பார். தொண்டை வறண்டு, தண்ணீர் மேல் தண்ணீர் கேட்பார். இரவு எட்டு மணிக்குமேல் குளிர் நடுக்கும், காய்ச்சல் ஏறும், கைகால் வலிக்கும். விடியும்போது உடல் வியர்த்துக் காய்ச்சல் தணிந்துவிடும். செவ்வாய்க்கிழமை அவர் மீண்டும் வேலைக்குப் புறப்படுவார்.

"எண்ணெய்க் குளியல் இந்த ஊர்க் குளிருக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் தாய். தந்தை எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தினார். காய்ச்சலோ நிற்கவில்லை.

எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள், காய்ச்சல் வந்த நாள்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வந்தாள். நான்கு வட்டங்களும் திங்கட்கிழமைகளிலேயே விழுந்திருந்தன. இடையில் ஒரு திங்கட்கிழமை மட்டும் வட்டமின்றி இருந்தது.

"அப்பா, இந்தத் திங்கட்கிழமை என்ன வேலை செய்தீர்கள்?"

"அன்றைக்குக் கறுப்பு இரும்புக் கம்பி வேலைதான் கண்ணு. மற்ற வாரங்களில் எல்லாம் ஜி.ஐ. குழாய் வேலை."

மகளுக்கு விடையின் ஒரு முனை கிடைத்துவிட்டது. காய்ச்சலுக்குக் காரணம் எண்ணெயும் இல்லை, குளிரும் இல்லை. குழாயின்மேல் பூசப்பட்டிருந்த ஏதோ ஒன்று.

புகை எவ்வாறு பிறக்கிறது?

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, அதன்மேல் துத்தநாகம் பூசப்படுகிறது. ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. தகடு என்று நாம் வழங்குபவை இத்தகையனவே. துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியசில் உருகும். 907 பாகையில் கொதித்து ஆவியாகும். எஃகு உருகுவதற்கோ ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் வேண்டும். மின்வில்லின் வெப்பநிலை 5,000 பாகைக்கும் மேற்பட்டது. எனவே இரும்பு உருகி ஒன்றோடொன்று இணையும் முன்னரே, அதன்மேல் உள்ள துத்தநாகம் கொதித்து ஆவியாகிவிடுகிறது. அவ்வாவி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து துத்தநாக ஆக்சைடு என்னும் வெண்ணிறப் புகையாகிறது.

இப்புகையின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. தெருப்புழுதியின் பெரிய துகள்கள் மூக்கின் மயிரிலும் சளியிலும் ஒட்டிக்கொள்ளும், தும்மலோடு வெளியேறும். புகையின் துகள்களோ அக்காவலைக் கடந்து, நுரையீரலின் ஆழத்திலுள்ள நுண்காற்றறைகள் வரை செல்கின்றன. நம் நுரையீரல்களில் 30 கோடி அளவிலான நுண்காற்றறைகள் உள்ளன. மூச்சுக்காற்றும் குருதியும் மிக நெருங்கும் இடம் அதுவே. அங்குச் சேர்ந்த துகள்களை வந்தேறிய கிருமிகள் என்றே உடலின் காவல் அணுக்கள் கருதுகின்றன. அவை எச்சரிக்கைச் செய்தியாகச் சில வேதிப்பொருள்களைக் குருதியில் சுரக்கின்றன. அதன் விளைவே குளிரும் காய்ச்சலும் உடல்வலியும். கிருமியே இல்லாமல் வரும் இக்காய்ச்சலை மருத்துவர்கள் 'உலோகப் புகைக் காய்ச்சல்' என்பர்.

திங்கட்கிழமையில் ஏன்?

புகையைச் சுவாசித்த உடனே இக்காய்ச்சல் வருவதில்லை. 4 முதல் 10 மணி நேரம் கழித்தே தொடங்கும். ஆகவே பட்டறையில் நலமாக இருந்தவர் வீட்டில் வந்து நடுங்குகிறார். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்களில் தானே தணிந்துவிடும்.

நாள்தோறும் இப்புகையைச் சுவாசிப்பவரின் உடல் ஓரளவு அதற்குப் பழகிக்கொள்கிறது. எனவே வாரத்தின் நடுவில் காய்ச்சல் வருவதில்லை. ஆனால் இப்பழக்கம் நிலையானது அன்று. ஓரிரு நாள் விடுமுறையிலேயே அது மறைந்துவிடும். விடுமுறை முடிந்து முதல் நாள் புகையைச் சுவாசித்ததும் காய்ச்சல் மீண்டும் வரும். இதனாலேயே இதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்னும் பெயரும் ஏற்பட்டது. வாரத்தின் பிற நாள்களில் காய்ச்சல் வரவில்லை என்பதற்காக அந்நாள்களில் புகை தீங்கற்றது என்று கருதுதல் பிழையாகும்.

இந்நோய் புதியது அன்று. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். 1862ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் ஹெட்லம் கிரீன்ஹோ என்னும் ஆங்கிலேய மருத்துவர், பித்தளை வார்ப்பவர்களுக்கு வரும் குளிர்காய்ச்சலைப் பற்றி விரிவாக எழுதினார். மின்வில் பற்றவைப்பு தோன்றுவதற்கு முன்னரே, வார்ப்புப் பட்டறைகளில் தொழிலாளர்கள் இக்காய்ச்சலுக்கு ஆட்பட்டிருந்தனர்.

பாலும் வெல்லமும் காக்குமா?

பற்றவைப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. வேலைக்கு முன் பால் குடித்தாலோ, வேலை முடிந்ததும் வெல்லம் தின்றாலோ, புகையின் நஞ்சு முறிந்துவிடும் என்பர். சில பட்டறைகளில் உரிமையாளரே பாலும் வெல்லமும் வழங்குவதுண்டு.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் உண்பதும் குடிப்பதும் உணவுக்குழாய் வழியே இரைப்பைக்குச் செல்கின்றன. நாம் சுவாசிக்கும் புகை மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குச் செல்கிறது. தொண்டைக்குக் கீழே இவ்விரு வழிகளும் தனித்தனியானவை. இரைப்பையில் உள்ள பால் நுரையீரலில் உள்ள துகளைக் கழுவ இயலாது. பாலும் வெல்லமும் உணவு என்ற அளவில் நல்லவையே. வறண்ட தொண்டைக்கு இதமும் தரலாம். ஆனால் அவை காவல் அல்ல. பாலைக் குடித்துவிட்டோம் என்னும் துணிவில் முகமூடியைக் கழற்றி வைப்பதே உண்மையான கேடு.

காய்ச்சலினும் கொடியவை

துத்தநாகப் புகை தரும் காய்ச்சல் தானே தணியக்கூடியது. ஆனால் பட்டறையில் எழும் எல்லாப் புகையும் வாயுவும் அத்தகையன அல்ல. அவற்றுள் சில கண்ணுக்குத் தெரியா. சிலவற்றுக்கு மணமும் இல்லை.

கார்பன் மோனாக்சைடு: கார்பன் டை ஆக்சைடைக் காப்பு வாயுவாகப் பயன்படுத்திப் பற்றவைக்கும்போது இது உருவாகிறது. நிறமும் மணமும் அற்றது. குருதியின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இவ்வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். மிகுந்தால் மயக்கமும் மரணமும் நேரும்.

ஓசோன்: மின்வில்லின் புற ஊதாக் கதிர்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக மாற்றுகின்றன. வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், மூக்கின் அருகில் பகையாகிறது. இருமல், தொண்டை எரிச்சல், நெஞ்சு இறுக்கம் ஆகியவற்றை இது உண்டாக்கும்.

நைட்ரஜன் டை ஆக்சைடு: மிகு வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்வதால் இது உருவாகிறது. காற்றோட்டமற்ற இடத்தில் வாயுச் சுடரைக் கொண்டு வேலை செய்யும்போது இது மிகும். சுவாசித்த நேரத்தில் சிறிய எரிச்சல் மட்டுமே தோன்றலாம். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத்திணறல் வரலாம். ஆதலின், "இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்" என்னும் சொல்லை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

ஆர்கான்: இது நஞ்சன்று, நாம் சுவாசிக்கும் காற்றிலும் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளது. ஆனால் காற்றைவிடக் கனமானது. தொட்டி, பள்ளம், கப்பலின் அடித்தளம் போன்ற மூடிய இடங்களில் கசிந்தால், கீழே தேங்கி அங்குள்ள காற்றை வெளியேற்றிவிடும். காற்றில் இயல்பாக 21 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டால், உள்ளே இறங்கியவர் திணறல் எதையும் உணராமலே ஓரிரு மூச்சில் மயங்கி விழக்கூடும்.

காட்மியம்: சில திருகுகள், ஆணிகள், பழைய உலோகப் பாகங்கள் ஆகியவற்றின் மேற்பூச்சிலும், சில வெள்ளிப் பற்றாசுகளிலும் இவ்வுலோகம் இருக்கும். இதன் புகையைச் சுவாசித்தவருக்கும் முதலில் காய்ச்சலும் குளிருமே தோன்றும். திங்கட்கிழமைக் காய்ச்சல்தான் என்று படுத்திருப்பவருக்கு, ஓரிரு நாளில் நுரையீரல் பழுதாகி உயிருக்கே இடர் நேரலாம்.

பாஸ்ஜீன்: எண்ணெய்ப் பசையை நீக்கக் குளோரின் கலந்த சில திரவங்களைப் பயன்படுத்துவர். அவற்றின் ஆவி மின்வில்லின் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் சிதைந்து பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். முதல் உலகப்போரில் படைக்கருவியாகப் பயன்படுத்தப்பட்ட வாயு இது. இதன் கேடும் பல மணி நேரம் கழித்தே வெளிப்படும்.

ஆண்டுகள் கழிந்தபின்

ஒரு நாள் சுவாசித்ததன் விளைவு ஒன்று. பல ஆண்டுகள் சுவாசித்ததன் விளைவு வேறொன்று. துருப்பிடியா எஃகைப் பற்றவைக்கும்போது குரோமியம், நிக்கல் ஆகியவை கலந்த புகை எழுகிறது. எஃகிலும் பற்றவைப்புக் குச்சியிலும் உள்ள மாங்கனீசு, நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் மூளையைப் பாதித்து, கைநடுக்கத்தையும் நடைத்தளர்ச்சியையும் உண்டாக்கலாம். 2017ஆம் ஆண்டில், உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அதே பிரிவில்தான் உள்ளது. ஒரே அளவு கேடு தரும் என்பது இதன் பொருளன்று. புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதற்குப் போதிய சான்று உள்ளது என்பதே பொருள்.

இவற்றைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. திறந்த தெருவில் பட்டறையைக் கடக்கும்போது ஓரிரு மூச்சுப் புகை உட்செல்வதால் நலமானவர்க்குப் பெருங்கேடு எதுவும் நேராது. காற்று அதனை விரைவில் கலைத்துவிடும். ஆயினும் அருகில் நின்று வேடிக்கை பார்த்தல் தவறு. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னும் விலகிச் செல்ல வேண்டும்.

சுவாசித்துவிட்டால் என்ன செய்வது?

ஒருவர் பற்றவைப்புப் புகையை மிகுதியாகச் சுவாசித்துவிட்டார் எனில், முதலில் அவரைத் தூய காற்றுள்ள இடத்திற்கு அழைத்து வர வேண்டும். கழுத்துப் பகுதியிலும் இடுப்பிலும் இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, அவர் எளிதாக மூச்சுவிடும் நிலையில் அமரச் செய்ய வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றுதல் கூடாது.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாதல், தொடர் இருமல், மனக்குழப்பம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திருக்கலாகாது. 112 என்னும் அவசர எண்ணை உடனே அழைக்க வேண்டும். அறிகுறி சிறிதாக இருந்தாலும், மூடிய இடத்தில் சுவாசித்தவரையும், இன்ன புகை என்று அறியாதவரையும் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. அடுத்த இரண்டு நாள்களுக்கு அவரை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தொட்டிக்குள் ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டால் உடனே உள்ளே குதித்தல் கூடாது. அவரை வீழ்த்திய அதே காற்று, காக்கச் சென்றவரையும் வீழ்த்தும். தந்தையைக் காக்க மகனும், அவனைக் காக்க நண்பனும் இறங்கி, மூவரும் உயிர்விடும் அவலம் இவ்வாறே நேர்கிறது. உரத்த குரலில் பிறரை அழைத்து, தீயணைப்பு வீரர்களை வரவழைப்பதே உண்மையான உதவி.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

உலோகப் புகைக் காய்ச்சல் பார்வைக்குச் சளிக்காய்ச்சல் போலவே இருக்கும். நோயாளி தம் தொழிலைச் சொல்லாவிடில் மருத்துவரால் எளிதில் அறிய இயலாது. 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு அவர் செய்யும் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

இங்கே உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களில், மருத்துவமனையில் பெற்றோருக்காகப் பேசுபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. அப்பா தமிழில் சொல்வதை நீங்கள்தாம் இந்தியிலோ மராத்தியிலோ குஜராத்தியிலோ எடுத்துரைக்கிறீர்கள். அப்போது "காய்ச்சல்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன உலோகத்தில் வேலை செய்தார், அதன்மேல் என்ன பூச்சு இருந்தது, இடம் திறந்ததா மூடியதா, எத்தனை மணிக்குப் புகை பட்டது, எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது ஆகிய ஐந்தையும் சொல்லுங்கள். ஓர் உயிரைக் காக்க இவ்வைந்து செய்திகள் போதுமானவையாக அமையலாம்.

வருமுன் காத்தல்

துத்தநாகப் பூச்சுள்ள இரும்பைப் பற்றவைக்கும் முன், இணைக்கும் இடத்தைச் சுற்றிச் சில அங்குல அகலத்திற்குப் பூச்சை நீக்கிவிட வேண்டும். நீக்கும்போது எழும் தூசியையும் சுவாசிக்கலாகாது. புகை மேல்நோக்கி எழும். ஆகவே அதன்மேல் தலை கவிழ்ந்து நில்லாமல், பக்கவாட்டில் நிற்க வேண்டும். புகையை எழும் இடத்திலேயே இழுத்துக்கொள்ளும் உறிஞ்சுகுழாய் சிறந்த காவல். முகத்தை மூடும் கறுப்புக் கண்ணாடிக் கவசம் ஒளியைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. கைக்குட்டையும் துணி முகமூடியும் நுண்துகள்களை நிறுத்தா. என்95 போன்ற, முகத்தோடு நன்கு பொருந்தும் முகமூடி துகள்களை வடிகட்டும். ஆனால் வாயுக்களை வடிகட்டாது. புழுக்கமாக இருக்கிறதென்று ஆக்சிஜன் உருளையைத் திறந்துவிடுதல் ஒருபோதும் கூடாது. ஒரு தீப்பொறி பட்டால் உடுத்த ஆடையே பற்றி எரியும்.

இவை தொழிலாளி ஒருவரின் பொறுப்பு மட்டும் அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, தூசியையும் புகையையும் தொழிலாளர் சுவாசிக்காமல் தடுக்க வேண்டும் என்பது 14ஆம் பிரிவாக எழுதப்பட்டது. மூச்சுக்கான காவலைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது, அஃது உரிமை.

மகள் தன் நாட்காட்டியைத் தந்தையிடம் காட்டினாள். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை, குழாயின் முனைகளைத் தேய்த்துப் பூச்சை நீக்கிவிட்டு, முகமூடி அணிந்து வேலை செய்தார். அன்றிரவு அவருக்குப் போர்வை தேவைப்படவில்லை. ஞாயிறுதோறும் எண்ணெய்க் குளியலும் மீண்டும் தொடங்கியது.

சொல்லும் பொருளும்

பற்றவைப்பு – வெல்டிங்
பற்றாசு – உலோகத் துண்டுகளை ஒட்டவைக்க உருக்கி ஊற்றும் உலோகக் கலவை
மின்வில் – இரு முனைகளுக்கிடையே மின்சாரம் பாயும்போது தோன்றும் பேரொளி
நுண்காற்றறை – நுரையீரலில் உள்ள மிகச்சிறிய காற்றுப்பை
இடர் – துன்பம், ஆபத்து
அவலம் – துயர நிகழ்ச்சி

மதிப்பீடு

1. இரும்பு உருகும் முன்னரே துத்தநாகம் ஆவியாவது ஏன்?
2. 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
3. காய்ச்சலுக்கு எண்ணெய்க் குளியல் காரணமன்று என்பதை மகள் எவ்வாறு கண்டறிந்தாள்?
4. பால் குடித்தல் பற்றவைப்புப் புகைக்குக் காவலாகாது என்பதைக் காரணம் காட்டி விளக்குக.
5. மருத்துவரிடம் கூற வேண்டிய ஐந்து செய்திகளை, நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் எழுதிப் பழகுக.
6. உங்கள் பகுதியில் உள்ள பட்டறைத் தொழிலாளர்கள் கையாளும் பாதுகாப்பு முறைகளைப் பெற்றோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.